கேட்டலும் தட்டிக் கேட்டலும்: வானொலித் தொடர் நாடகமும் வீட்டு வன்முறையும்

தமிழில் கேட்டல் என்னும் வினை செவியால் ஏற்பதையும் வாயால் வினவுவதையும் ஒருசேரக் குறிக்கிறது. பாட்டுக் கேட்பதும் கேள்வி கேட்பதும் ஒரே சொல்லில் அடங்குவதோடு, அநியாயம் செய்பவனை எதிர்த்து நின்று நியாயம் பேசுவதைத் ‘தட்டிக் கேட்டல்’ என்றும் மக்கள் வழங்குகிறார்கள். ஒரு வீட்டில் ஆண் வரம்பு மீறும்போது சேலம், நாமக்கல் ஊர்ப்புறங்களில் எழும் ஆற்றாமைச் சொல் ‘தட்டிக் கேக்க ஆளில்லாமப் போச்சு’ என்பதே. வானொலித் தொடர் நாடகம் ஒன்றில் ஒரு பெண் கணவனால் வதைக்கப்படும் கதை மாதக்கணக்கில் ஒலிபரப்பாகும்போது நேயர்கள் அதை எவ்வாறு எதிர்கொண்டார்கள் என்பதை ஆராயும் இவ்வுரை, அவர்கள் முதற் கேட்டலிலிருந்து மூன்றாம் கேட்டலுக்கு நகர்ந்த இடம் எது, நகராமல் நின்ற இடம் எது என்ற வினாவையே மையமாகக் கொள்கிறது.

தொடர் நாடகம் என்பது முடிவை நோக்கி விரையாத கதை; அன்றாடமோ வாரத்தில் சில நாட்களோ சிறு சிறு பகுதிகளாக வந்து, கேட்பவரின் வயதோடு தன் பாத்திரங்களுக்கும் வயதாக விடுவது. உலகில் மிக நீண்ட காலமாக ஒலிபரப்பாகிவரும் வானொலித் தொடரான பிபிசியின் ‘தி ஆர்ச்சர்ஸ்’ 1951 ஜனவரி 1 அன்று பிரிட்டன் முழுவதற்குமாகத் தொடங்கியபோது, போருக்குப் பிந்தைய உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்தில் உழவருக்குப் புதிய வேளாண் முறைகளைக் கதையோடு சேர்த்துப் புகட்டுவதே அதன் நோக்கமாக இருந்தது. இத்தகைய கலப்பைக் ‘கல்விசார் பொழுதுபோக்கு’ என்று தகவல் தொடர்பியலார் பின்னாளில் பெயரிட்டனர். அதாவது, கேட்பவர் கதைக்காக அமர்ந்திருக்க, கதை வேறொரு பாடத்தையும் கூடவே ஏற்றிவைப்பது. தமிழ்நாட்டு நேயருக்கு இது புதிதன்று. 1960களின் நடுவில் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகள் வழியே பரவிய ஆடுதுறை 27 என்னும் நெல் வகையை உழவர்கள் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். ஆயினும் விதையை மாற்றுவதற்கும் வீட்டை மாற்றுவதற்கும் வேறுபாடு உண்டு. விதையைப் பொறுத்தவரை கேட்டவரே போய் வாங்கி வந்துவிடலாம். வீட்டு வன்முறையில் அவ்வாறு இயலாது; கேட்டவள் ஒருத்தியாகவும், செயல்பட வேண்டியவர் பலராகவும் இருக்கிறார்கள்.

ஆம்பிரிட்ஜ் என்னும் கற்பனைச் சிற்றூரில் நிகழும் ‘தி ஆர்ச்சர்ஸ்’ தொடரில், பண்ணைக் குடும்பத்துப் பெண்ணும் பாலாடைக்கட்டி செய்து விற்பவளுமான ஹெலன் ஆர்ச்சர், 2013இல் ஊருக்கு வந்த ராப் டிச்சனர் என்பவனைக் காதலித்து மணக்கிறாள். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் நீண்ட இக்கதையில் பெரும்பகுதியில் அடி விழும் ஓசையே கேட்பதில்லை. இவள் உடுத்தும் உடை அவனுக்குப் பிடிக்காது. இவள் கார் ஓட்டுவது ஆபத்து என்று அக்கறையோடு தடுப்பான். தோழியின் தொலைபேசி அழைப்பு வந்தால் குரலில் ஒரு சலிப்பு. சமையலில் ஒரு குறை. இவள் மறதிக்காரி, மனம் சரியில்லாதவள் என்று பிறரிடம் இரக்கத்தோடு சொல்லி வைப்பான். இவற்றுள் எதையும் தனியே எடுத்துப் பஞ்சாயத்தில் வைத்தால் ‘இதெல்லாம் ஒரு குத்தமா’ என்று கேட்டுவிடுவார்கள். துளித்துளியாகச் சேரும் இத்தகைய ஆதிக்கத்தைப் பிரிட்டனின் 2015ஆம் ஆண்டுக் கடுங்குற்றச் சட்டத்தின் 76ஆம் பிரிவு, ‘அடக்கியாளும் நடத்தை’ என்னும் தனிக் குற்றமாக்கியது. அப்பிரிவு 2015 டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்தபோது ஹெலனின் கதை உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. 2016 ஏப்ரல் 3 அன்று ஒலிபரப்பான பகுதியில், வீட்டைவிட்டுப் போகப்போவதாகக் கருவுற்றிருக்கும் ஹெலன் சொல்ல, ராப் அவள் கையில் கத்தியைத் திணித்து, போக வேண்டுமானால் இதுதான் வழி என்று அவளைச் சாகத் தூண்ட, அவள் மகனான சிறுவன் ஹென்றி அங்கே வந்து நிற்க, அந்தக் கத்தி ராப் மீதே பாய்கிறது.

வானொலிக்கு முகம் கிடையாது. ஆகவே கன்றிய கன்னமும் கிடையாது. தமிழ்த் திரைப்படமும் தொலைக்காட்சித் தொடரும் ஓர் அறையை மூன்று கோணங்களிலிருந்து மூன்று முறை காட்டிப் பழகியவை. அங்கே வன்முறை என்பது கண்ணால் எண்ணிப் பார்க்கக்கூடிய ஒரு நிகழ்ச்சி. வானொலியோ குரலின் ஏற்ற இறக்கம், இரு சொற்களுக்கு இடையே விழும் இடைவெளி, தட்டு சற்றே அழுத்தமாக மேசையில் வைக்கப்படும் ஒலி ஆகியவற்றை மட்டுமே தருகிறது. தழும்பு விடாத வதையைச் சொல்வதற்கு இந்தக் குறைபாடே பொருத்தமான கருவியாக அமைந்தது. பக்கத்து வீட்டாருக்கும் உண்மையில் கிடைப்பது இவ்வளவுதான். அவர்களும் பார்ப்பதில்லை, கேட்கிறார்கள்.

நேயர்களின் எதிர்வினைகள் ஒரே திசையில் செல்லவில்லை. மாலை நேரத்துத் தேநீரோடு மாட்டுக்கும் மழைக்குமான பேச்சைக் கேட்க வந்தவர்களுக்கு இது அத்துமீறலாகத் தோன்றியது. கிராமத்துக் கதையை மிகையுணர்ச்சி நாடகமாக்கிவிட்டார்கள் என்று முறையிட்டார்கள். சிலர் தாங்க முடியாமல் பெட்டியை அணைத்தார்கள். அணைத்தவர்களுள் இருவகையினர் இருந்தனர் என்பதைக் கவனிக்க வேண்டும்: கதை நீள்கிறது என்று சலித்தவர்கள் ஒருபுறம், தம் வீட்டுக் குரலையே பெட்டியில் கேட்டுவிட்டவர்கள் மறுபுறம். ‘அவன் பேசுவது அப்படியே என் முன்னாள் கணவன் பேசுவது’ என்ற பொருள்படப் பெண்கள் முன்வந்து சொன்னார்கள். 2016 பிப்ரவரியில் நேயர் ஒருவர், ஹெலன் பெயரால் மீட்பு நிதி ஒன்றைத் தொடங்கி, அதனை ‘ரெஃப்யூஜ்’ என்னும் புகலிட அமைப்புக்கு உரித்தாக்கினார். இல்லாத பெண்ணுக்காகத் திரண்ட அந்தத் தொகை கத்திக்குத்துக் காட்சிக்குப் பின் ஒரு லட்சம் பவுண்டைக் கடந்து, உண்மையில் இருக்கும் பெண்களுக்குப் போய்ச் சேர்ந்தது. 2016 செப்டம்பர் 11 அன்று ஒரு மணி நேரம் நீண்ட சிறப்புப் பகுதியில் நடுவர் குழு ஹெலனைக் குற்றமற்றவள் என்று விடுவித்தது. அந்த நடுவர்களாகப் புகழ்பெற்ற நடிகர்களைக் குரல் கொடுக்க வைத்தது நிலையத்தின் விளம்பர ஆசை என்றே கொள்ள வேண்டும். கதைக்கு அது தேவைப்படவில்லை.

இல்லாத பெண்ணுக்குப் பணம் அனுப்புவதைப் பேதைமை என்று ஒதுக்க இயலாது. டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்னும் இருவர் 1956இல் எழுதிய கட்டுரையில், ஊடகக் குரலோடு நேயர் கொள்ளும் ஒருவழிப் பழக்கத்துக்கு ஒரு கலைச்சொல்லைத் தந்தார்கள். தமிழில் அதனைப் ‘பாவனை உறவு’ எனலாம். நேயர் பாத்திரத்தை அறிவார், பாத்திரம் நேயரை அறியாது. இருந்தும் நாள்தோறும் ஒரே வேளையில் வந்துபோகும் அந்தக் குரலுக்கு வீட்டில் ஓர் இடம் உண்டாகிவிடுகிறது. சன் தொலைக்காட்சியில் 2002 முதல் 2005 வரை ஒளிபரப்பான திருமுருகனின் ‘மெட்டி ஒலி’யில் மாமியாரிடமும் கணவனிடமும் அல்லற்பட்ட சரோவைப் பற்றித் தமிழ்நாட்டுத் திண்ணைகளில் பேசியவர்கள், நடிகையின் பெயரைச் சொல்லவில்லை, ‘பாவம் சரோ’ என்றே பேசினார்கள். அந்தப் ‘பாவம்’ என்னும் சொல்லில் பாவனை உறவு முழுவதும் அடங்கியிருக்கிறது. அது அங்கேயே அடங்கியும் போகிறது என்பதுதான் சிக்கல்.

இந்திய வானொலியில் ஹெலனின் கதைக்கு மிக நெருங்கிய சான்று ‘தின்கா தின்கா சுக்’ என்னும் இந்தித் தொடர். உஷா பாசின் பொறுப்பில் அகில இந்திய வானொலி தயாரித்த 104 பகுதிகள் 1996 பிப்ரவரி முதல் ஓராண்டு, இந்தி வழங்கும் மாநிலங்களின் 27 நிலையங்களிலிருந்து ஒலிபரப்பாயின. சேலத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்து 1997 ஜனவரி 1 அன்று செயல்படத் தொடங்கிய அதே பருவத்தில், வடக்கே சிற்றூர் மக்கள் பூனம் என்னும் கற்பனைப் புதுமணப் பெண்ணுக்காக அழுதுகொண்டிருந்தார்கள். வரதட்சணை போதவில்லை என்று புகுந்த வீட்டாரால் அடிக்கப்பட்டு, நடத்தையிலும் பழி சுமத்தப்பட்டு, அவள் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். அதே கதையில் சுஷ்மா என்னும் இன்னொருத்தி, கணவனின் கொடுமையிலிருந்து வெளியேறித் தையல் தொழிலால் தன் காலில் நிற்கிறாள்.

உத்தரப் பிரதேசத்தின் லுட்சான் என்னும் ஊரிலிருந்து 1996 டிசம்பரில் வானொலி நிலையத்துக்குச் சுவரொட்டி அளவிலான ஒரு கடிதம் வந்தது. தையல்காரர் ஒருவர் முன்னின்று எழுதிய அதன் சாரம், இத்தொடரைக் கேட்டதால் தம் ஊரார் வரதட்சணை வாங்குவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை என்று உறுதி பூண்டுவிட்டனர் என்பதாகும். அடியில் 184 பேரின் கையெழுத்தும் கைநாட்டும் இருந்தன. தொடருக்கு ஒன்றரை லட்சம் அளவில் கடிதங்கள் வந்ததாகப் பதிவு உண்டு என்றாலும், அவற்றுள் இந்த ஒரு கடிதம்தான் ஆய்வாளர்களை அந்த ஊருக்கு இழுத்துச் சென்றது. அர்விந்த் சிங்கால், மைக்கேல் பாப்பா, எவரெட் ரோஜர்ஸ் முதலியோர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, மாற்றம் நிகழ்ந்தது வானொலிப் பெட்டியின் முன்பு அன்று. நாடகம் முடிந்த பிறகு, நேயர் மன்றத்திலும் தேநீர்க் கடையிலும் வீட்டிலும் நடந்த வாக்குவாதத்தில்தான். ஒருவர் தனியே நினைத்ததைப் பலர் கூடிச் சொல்லும்போது ‘நம்மால் ஆகும்’ என்ற எண்ணம் பிறக்கிறது. இதற்கு உளவியலார் வைத்த பெயர் ‘கூட்டு ஆற்றல் உணர்வு’. கூடவே ‘முரண் தொடர்பு’ என்ற இன்னொன்றையும் அவர்கள் மறைக்காமல் பதிவு செய்தார்கள். ஒன்றைச் சொல்லிக்கொண்டே மற்றொன்றைச் செய்வது அது. உறுதிமொழி எடுத்த ஊரிலும் பழைய அதிகாரம் தன் வாசலை முழுவதும் அடைத்துக்கொண்டு போய்விடவில்லை.

லுட்சான் கடிதத்தைப் போற்றுவோர் பொதுவாகக் கவனியாத ஒன்று உண்டு. பூனம் அடிபட்டுத் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். ஊரார் உறுதி பூண்டதோ வரதட்சணை குறித்து. வரதட்சணை திருமணத்தன்று பந்தலில் நடக்கும் கொடுக்கல் வாங்கல். அதை நான்கு பேர் முன்னிலையில் மறுக்க முடியும், மறுத்ததைச் சரிபார்க்கவும் முடியும். மனைவியை அடிக்க மாட்டோம் என்று 184 பேர் கையெழுத்திடுவதற்கு, அதுவரை அடித்தவர்கள் யார் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்திருக்கும். நாடகம் வன்முறையைப் பேசியது. ஊர் அதனைப் பொருளாதாரமாக மொழிபெயர்த்துக்கொண்டது. இதனைத் தோல்வி என்று சொல்வது நேர்மையாகாது. ஆனால் வெற்றியின் அளவு இவ்வளவே.

பூனம் இறந்தது இன்னொரு வகையிலும் நேயருக்கு எளிதாயிற்று. தமிழ் நிலத்தில் வீட்டுக் கொடுமையால் உயிர்விட்ட பெண்ணைக் குலமே கும்பிட்ட வழக்கம் பழையது. வீட்டுத் தெய்வங்களாகவும் கிணற்றடித் தெய்வங்களாகவும் நிற்பவர்களுள் பலர் கொல்லப்பட்ட பெண்கள், அல்லது சாகும்படி விடப்பட்ட பெண்கள். உயிரோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவளுக்கோ ‘வாழாவெட்டி’ என்று பெயர். செத்தவளுக்குச் சேலை சாத்தும் ஊர், திரும்பி வந்தவளுக்கு ஒரு வேளைச் சோறு போடும்போது எண்ணிப் பார்க்கிறது. எனவே வன்முறைக்கு ஆளான பெண்ணைச் சாகவிட்டு நேயரின் கண்ணீரைப் பெறும் கதையைவிட, அவளை உயிரோடு வைத்து, ‘இவள் ஏன் இன்னும் கிளம்பி வரவில்லை’ என்று நேயரை எரிச்சலடைய வைக்கும் கதையே கூடுதலான வேலையைச் செய்கிறது என்பது இவ்வுரையின் துணிபு. சுஷ்மாவுக்கும் ஹெலனுக்கும் உள்ள மதிப்பு அது.

அந்த எரிச்சலைச் சேலம், நாமக்கல் சமவெளியில் வைத்துப் பார்க்க வேண்டும். குமாரபாளையம், பள்ளிபாளையம், திருச்செங்கோடு, இளம்பிள்ளை, தாரமங்கலம் என்று விசைத்தறி பரவிய ஊர்களில் தறிப்பட்டறைக்குள் வானொலி கேட்காது. நாடா அடிக்கும் ஓசையில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே உதட்டசைவால்தான் விளங்கும். கேட்கும் இடம் பட்டறைக்கு வெளியே, தார் சுற்றும் திண்ணை: ஊடைக்குரிய நூலைச் சிறு குழல்களில் சுற்றும் வேலைக்குக் கையும் கண்ணும் போதும், காது சும்மா இருக்கும். ஆத்தூர், நாமக்கல் பகுதிச் சேகோ ஆலைகளில் வட்டமாக அமர்ந்து மரவள்ளிக் கிழங்கின் தோலை உரிக்கும் பெண்களின் காதும் அவ்வாறே. கைப்பேசிக்குள் பண்பலை வந்த பிறகு இக்கேட்டல் தனித்தனிச் செவியோடு சுருங்கிவிட்டது என்று சொல்வோர் உண்டெனினும், பத்துப் பேர் நடுவே கூடை மேல் சாய்த்து வைக்கப்பட்ட ஒரு கைப்பேசி பழைய பெட்டியின் வேலையையே செய்கிறது. லுட்சானில் மாற்றம் விளைந்த இடம் இத்தகைய வட்டங்கள்தான்.

வட்டத்துக்குள் எழும் கேள்வி, ‘அவ பொட்டியக் கட்டிக்கிட்டு வந்துட வேண்டியதுதானே?’ என்பது. இதற்கான விடை இச்சமவெளியில் ஹெலனின் ஊரில் இருப்பதைவிடக் கடினமானது. விசைத்தறித் தொழிலாளர் முதலாளியிடம் பெறும் முன்பணத்துக்கு இங்கே ‘பாக்கி’ என்று பெயர். குமாரபாளையத்தில் களப்பணி செய்த மானிடவியலாளர் கீர்ட் டி நேவ் 1999இல் வெளியிட்ட கட்டுரை, இந்தப் பாக்கி தொழிலாளரையும் முதலாளியையும் எவ்வாறு ஒருவரோடொருவர் பிணைக்கிறது என்பதையே பொருளாகக் கொண்டது. கணவனும் மனைவியும் சேர்ந்து தறி ஓட்டும் குடும்பத்தில் பாக்கி இருவர் உழைப்பின் பேரிலும் நிற்கிறது. குடியிருக்கும் லைன் வீடு தறிக்காரருடையதாக இருந்துவிடுவதும் உண்டு. ஆகவே அவள் கிளம்பினால் கணவனை மட்டும் விட்டுக் கிளம்புவதில்லை. வேலையை, கூரையை, அடைபடாத கடனை விட்டுக் கிளம்புகிறாள், அக்கடனைக் கேட்டு ஆள் அவள் தாய்வீட்டுக்கும் வரக்கூடும். இவ்வளவையும் ஒரு மேடைப் பேச்சில் சொன்னால் புள்ளிவிவரமாகப் போய்விடும். பகுதி பகுதியாக வரும் தொடர் நாடகத்திலோ, ஒரு வாரம் பாக்கிக் கணக்கு, ஒரு வாரம் அண்ணி முகம் கொடுக்காதது, ஒரு வாரம் பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று ஒவ்வொரு கதவாக அடைபடுவதை நேயர் கூடவே இருந்து கேட்கிறார். முடிவில் ‘ஏன் வரவில்லை’ என்ற கேள்வி ‘வந்தால் யார் இருக்கிறோம்’ என்று திரும்பி அவரையே பார்க்கிறது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களுள் சுமார் 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். பத்துப் பெண்கள் கிழங்கு உரிக்கும் வட்டத்தில் இது நான்கு பேர் என்றாகிறது. அந்த நால்வர் யார் என்பது மற்ற அறுவருக்கும் தெரியாததன்று.

எதிர்வினைகள் தயாரிப்பாளர் எண்ணிய வழியில் செல்லாமல் தலைகீழாவதும் உண்டு. அமெரிக்காவில் 1970களில் நிறவெறியைக் கேலி செய்ய உருவாக்கப்பட்ட ஆர்ச்சி பங்கர் என்னும் தொலைக்காட்சிப் பாத்திரத்தை, நிறவெறி உடையோர் தம் ஆளாகவே கொண்டாடினார்கள் என்று வித்மார், ரோக்கீச் என்போர் 1974இல் காட்டினர். மனோகர் ஷியாம் ஜோஷி எழுதித் தூர்தர்ஷனில் 1984, 85ஆம் ஆண்டுகளில் வந்த ‘ஹம் லோக்’ தொடரில், எல்லாவற்றையும் பொறுத்துப்போகும் தாயான பாகவந்தி ஓர் எச்சரிக்கையாகவே படைக்கப்பட்டாள். பெண் நேயர்களில் கணிசமானோர் அவளையே முன்மாதிரியாக எடுத்துக்கொண்டனர். தமிழில் அண்மைச் சான்று, சன் தொலைக்காட்சியின் ‘எதிர்நீச்சல்’. திருச்செல்வம் இயக்கிய அத்தொடரில் வீட்டுப் பெண்களை அடக்கி ஒடுக்கும் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்துவின் அதட்டல், வீட்டுக்கு வீடு விளையாட்டுச் சொல்லாகப் பரவியது. அவர் 2023 செப்டம்பரில் மறைந்தபோது எழுந்த துயரம் ஒரு நல்ல நடிகருக்கு உரியதே. எனினும், அதட்டலைக் கேட்டு அஞ்ச வேண்டிய வீடு சிரித்து மகிழ்ந்தது என்றால், அந்த அதட்டல் அதற்கு முன்பே வீட்டில் புழங்கி இயல்பாகிவிட்ட ஒன்று என்றுதான் பொருள். ராப் டிச்சனர் அவ்வாறு செல்லப் பிள்ளையாகாமைக்குக் காரணம், அவன் கத்தாமல் பேசியது. கத்துபவனை நேயர் ரசிக்க முடியும். தணிந்த குரலில் ஒருத்தியை மெல்ல மெல்ல இல்லாமல் ஆக்குபவனை ரசிப்பது அரிது. தமிழில் எழுதுவோர் மனங்கொள்ள வேண்டிய நுட்பம் இது.

கண்ணீர் விடுவதற்கு இச்சமவெளிக்கு வானொலி வந்து கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. அண்ணியின் கொடுமையால் ஏழு பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்த நல்லதங்காள் கதைக்கும், விடிய விடிய நடக்கும் கூத்தில் பாஞ்சாலி துகிலுரியப்படும் கட்டத்துக்கும் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அழுதிருக்கிறார்கள். சிலருக்குச் சாமியும் வந்திருக்கிறது. விடிந்ததும் கூத்தாடிகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவார்கள், அழுதவர்கள் அதே வீட்டுக்குத் திரும்புவார்கள். 1990களின் இறுதியில் அண்டை மாவட்டமான தருமபுரியில் பெண்சிசுக் கொலைக்கு எதிராக நடத்தப்பட்ட கலைப்பயணம் ஊர் ஊராக நாடகம் போட்டு மக்களைப் பேசவும் வைத்தது. அதன் படிப்பினைகளை வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஷீலா ராணி சுங்கத்தும் எழுதி வைத்திருக்கிறார்கள். மேடை நாடகத்தின் வலிமை கூட்டத்தை ஓரிடத்தில் சேர்ப்பது. தொடர் நாடகத்தின் வலிமை ஊரை விட்டுப் போகாமல் இருப்பது.

கேட்டலிலிருந்து தட்டிக் கேட்டலுக்கு நேயர்கள் சொல்லுக்குச் சொல் நகர்ந்த ஓர் இடத்தைத் தென்னாப்பிரிக்காவில் காண முடிகிறது. ‘சோல் சிட்டி’ என்னும் தொடர் 1999இல் தொலைக்காட்சியிலும், ஒன்பது மொழிகளில் வானொலியிலும் வந்தபோது, தபாங் என்பவன் மனைவி மட்லகாலாவை அடிக்கும் வீட்டின் முன் அக்கம்பக்கத்தார் கூடிப் பானை சட்டிகளைத் தட்டி ஓசை எழுப்பும் காட்சி இடம்பெற்றது. கணவன் மனைவிச் சண்டையில் மூன்றாமவர் தலையிடலாகாது என்ற வழக்கை உடைப்பதற்கென்றே திட்டமிட்டு எழுதப்பட்ட காட்சி அது. பின்னர்த் தெம்பிசா என்னும் குடியிருப்பின் மதுக்கடை ஒன்றில் ஒருவன் தன் காதலியைத் துன்புறுத்தியபோது, குடித்துக்கொண்டிருந்தவர்களே பாட்டில்களைத் தட்டி அவனை நிறுத்தியதாகப் பதிவாகியிருக்கிறது. இந்தியாவில் ‘பிரேக்த்ரூ’ அமைப்பு 2008 ஆகஸ்டில் தொடங்கிய ‘பெல் பஜாவோ’ இயக்கத்தின் விளம்பரங்களில், அடி விழும் ஓசை கேட்ட பக்கத்து வீட்டார் கதவு மணியை அடிப்பார். கதவைத் திறந்தவனிடம் கொஞ்சம் பால் கிடைக்குமா என்று கேட்பார். பால் ஒரு சாக்கு. கேட்டுவிட்டது என்று அவனுக்குத் தெரிய வைப்பதே காரியம். மணியில்லாத லைன் வீட்டில் தாழ்ப்பாளைத் தட்டி ஒரு குவளைத் தண்ணீர் கேட்டாலும் போதும். தமிழ் வழக்கு ஒரு சொல்லில் எப்போதோ சேர்த்து வைத்த தட்டலும் கேட்டலும் இங்கே இரு செயல்களாகவே நிகழ்ந்துவிடுகின்றன.

அவ்வாறு தட்டுவதற்கு அஞ்சுவோர் வழக்கில் மாட்டிக்கொள்வோமோ என்று தயங்குவது இயல்பு. 2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், அடியை மட்டுமன்றிச் சொல்லாலும் உணர்வாலும் பாலியலாலும் பணத்தாலும் வதைப்பதையும் வன்முறை என்றே வரையறுக்கிறது. பிரிட்டன் அடக்கியாளும் நடத்தையைத் தனிக் குற்றமாக்குவதற்கு ஏறத்தாழ பத்தாண்டு முன்னரே இந்தியச் சட்டம் தழும்பில்லாத வதைக்குப் பெயர் வைத்துவிட்டது. சட்டம் முந்திவிட்டது, அந்த வதையைக் காதில் விழ வைக்கும் கதைகள்தாம் தமிழ் வானொலியில் பின்தங்கி நிற்கின்றன. பண்பலை நிலையங்கள் திரைப்பாடலுக்கும் பரிகாசத்துக்கும் ஒதுக்கும் நேரத்தில் நாளொன்றுக்குப் பத்து நிமிடம், இச்சமவெளியின் பேச்சிலேயே, தறியும் கிழங்கும் லாரியும் கோழிப்பண்ணையும் உள்ள ஒரு கற்பனை ஊருக்கு ஒதுக்குவது செலவு மிகுந்த காரியமன்று. நடிக்கத் தெரிந்த கூத்துக் கலைஞர்கள் பக்கத்து ஊர்களிலேயே இருக்கிறார்கள். வழக்குக்கு அஞ்சித் தயங்குவோருக்கும் அந்த 2005ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே விடை உண்டு: அதன் 4ஆம் பிரிவின்படி, ஒரு வீட்டில் வன்முறை நடந்தது, நடக்கிறது அல்லது நடக்கக்கூடும் என்று நம்புவதற்குக் காரணம் உள்ள எவரும், பாதிக்கப்பட்டவரின் உறவினராக இல்லாதவரும்கூட, பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது உரிமையியல் வழக்கோ குற்றவியல் வழக்கோ வராது. 2018 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் இரவும் பகலும் இயங்கும் மகளிர் உதவித் தொலைபேசியின் எண் 181.